கியூவுக்குள் ஒரு வண்டு

போன வருஷம் கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். வேலூர் சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகப் பூல் ஆடும் பார்லரில், எட்டாம் நம்பர் பந்தை மூலைப் பாக்கெட்டுக்கு மெதுவாகத் தள்ளினேன். பந்து விழுந்தது. ஆனால் அடித்த அந்தக் கணத்தில் என் கியூவில், அதாவது பந்தை அடிக்கும் கோலில், கைக்குள் ஏதோ ஜிர்ர் என்றது. சின்ன வயதில் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்துக் காதருகே வைத்துக் கேட்போமே, அதே சத்தம்.

அடுத்த ஷாட்டில் இல்லை. அதற்கடுத்த ஷாட்டில் வந்தது. மெதுவாக அடித்தால் கேட்கும், ஓங்கி பிரேக் அடித்தால் பந்துகள் சிதறும் சத்தத்தில் அமுங்கிவிடும். எதிரே ஆடிக்கொண்டிருந்த காட்பாடித் தம்பி நிமிர்ந்து பார்த்து, "இன்னாண்ணா, உள்ள எதுனா லூஸா கீதா?" என்று கேட்டான். அவன் சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். பதில் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. கியூ நுனியில் இருக்கும் ஃபெருல் என்ற வெள்ளைப் பூணை மாற்றிய காசும், தேவையே இல்லாத இடத்தில் நான் விட்ட பசையும் அதில் போயின. இன்னொருவர் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு சின்னச் சத்தத்துக்கு இவ்வளவு அலட்டலா என்று ஆடாதவர்கள் நினைக்கலாம். பந்து எப்படிப் போனது என்பதைக் கண் சொல்வதற்கு முன்னாலேயே, அடி சரியாக விழுந்ததா என்பதைக் கையும் காதும் சொல்லிவிடும். நல்ல அடிக்கு 'டக்' என்று ஒரு சுத்தமான சத்தம் உண்டு. அது கேட்காவிட்டால் அடுத்த ஷாட்டில் கை தானாகவே இறுகும், தோள் உயரும், அளவு தவறும். கியூ நேராகத்தான் இருக்கும், ஆடுகிறவன் கோணிப்போவான். அந்த மூன்று மாதமும் எனக்கு அதுதான் நடந்தது.

கியூ பார்ப்பதற்கு ஒரே கட்டை மாதிரி இருக்கும். ஆனால் முன்பாதி ஷாஃப்ட், பின்பாதி பட் என்று இரண்டாகக் கழலும். நுனியிலிருந்து வந்தால், 13 மில்லிமீட்டர் அகலத்தில் தோல் டிப், அதன் கீழே வெள்ளையாக ஓர் அங்குலத்துக்கு ஃபெருல், அப்புறம் மேப்பிள் மரத்தில் ஷாஃப்ட். ஷாஃப்டின் அடியில் காலர், அதற்குள்ளே பித்தளை மரை. பட்டின் தலையில் துருத்திக்கொண்டிருக்கும் 'பின்' என்ற மரைக்கம்பி அந்த மரைக்குள் போகும். பட்டும் ஒரே துண்டு கிடையாது. முன்பாகம் வேறு, கைப்பிடி வேறு, இரண்டையும் உள்ளே ஒரு ஸ்க்ரூவும் பசையும் சேர்த்துப் பிடித்திருக்கும். ஏ-ஜாயிண்ட் என்பார்கள், வெளியே தெரியாது. அங்கங்கே அலங்கார வளையங்கள், கைப்பிடிமேல் நூல் சுற்றோ தோல் சுற்றோ, கீழே ஸ்லீவ், பட் கேப், அதற்குள் எடைக்காக ஓர் இரும்பு போல்ட், கடைசியில் ரப்பர் பம்பர். எல்லாம் சேர்ந்து 58 அங்குலம், சுமார் 19 அவுன்ஸ், நம் கணக்கில் 540 கிராம். மரம், பித்தளை, பிளாஸ்டிக், இரும்பு, ரப்பர், தோல் என்று ஒன்றோடொன்று சேராத பொருட்களைப் பசை போட்டு உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை ஒரு பந்தில் இடிக்கிறோம். எங்கேயாவது ஒரு மயிரிழை விலகினாலும் அது பேசத் தொடங்கிவிடும்.

பேசுகிற இடம் எது என்று காதால் பிடிக்க முடியாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. மேப்பிள் மரத்தின் நீளவாக்கில் ஒலி நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் ஓடும். ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஒரு கியூவில், டிப்பில் கிளம்பிய அதிர்வு பம்பர்வரை போய் முட்டித் திரும்பி டிப்புக்கே வந்து சேரும்போதும் டிப் இன்னும் பந்தைவிட்டு விலகியிருக்காது. எந்த மூலையில் என்ன ஆடினாலும் கியூ முழுக்க ஒரே நேரத்தில் அதிர்கிற மாதிரிதான் நமக்குத் தெரியும். கை எங்கே இருக்கிறதோ அங்கே இருந்து வருவதாகத் தோன்றும். என் கை பட்டில் இருந்ததால் பட்டைச் சந்தேகப்பட்டேன். ஷாஃப்டைப் பிடித்துத் தட்டிப் பார்த்தபோது ஷாஃப்டில் கேட்டது. அங்கேதான் ஏமாந்தேன்.

எங்கள் ஆயா கொசப்பேட்டையில் பானை வாங்கப் போகும்போது நானும் கூடப் போவேன். பானையின் அடியை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இன்னொரு கை விரல் முட்டியால் தட்டுவார். கணீர் என்றால் எடுத்து ஓரமாக வைப்பார், கரகரவென்றால் வாய் பேசாமல் கீழே வைத்துவிடுவார். ஒரு தடவை நானும் உதவுகிறேன் என்று பானையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். "கைய எடுடா, நீ புடிச்சா அது எப்டி பேசும்?" என்றார். இறுகப் பிடித்தால் ஓட்டைப் பானையும் ஊமையாகிவிடும். பானை வாங்கும்போது அது தொல்லை. கியூவில் கோளாறு தேடும்போது அதுவேதான் வழி என்பது முப்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மோட்டாரில் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்போம். கியூவிலும் அதையே செய்து பார்த்தேன், பலிக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், நிதானமாகக் கேட்கலாம். கியூ ஒரு கணம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். ஆனால் மெஷினில் ஏதாவது தகரமூடி அதிர்ந்தால் நாங்கள் காதை நம்ப மாட்டோம், ஒவ்வொரு மூடியாகக் கையை வைத்து அமுக்குவோம். எதை அமுக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். கியூவுக்கும் இதுதான் முறை. சத்தம் வருகிற இடத்தைத் தேடாதீர்கள், சத்தம் நிற்கிற இடத்தைத் தேடுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தட்ட, இன்னொருவர் ஒவ்வோர் இடமாக இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

தொடங்கும் முன் கியூவுக்கு வெளியே இருப்பதை எல்லாம் கழற்றி வையுங்கள். காட்பாடியில் படிக்கும் ஒரு மாணவன் தன் புது கியூ ஜிலுஜிலு என்கிறது என்று கொண்டுவந்தான். பம்பரைக் கழற்றினேன், போல்ட்டை இறுக்கினேன், அரைமணி நேரம் பார்த்தேன். கடைசியில் அவனையே ஆடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குனிந்து பார்த்தால், மணிக்கட்டில் போட்டிருந்த எவர்சில்வர் காப்பு ஒவ்வோர் அடியிலும் பட்டில் உரசுகிறது. காப்பு, வாட்ச், சட்டைப் பையில் சாவி, டிப்பில் தேய்க்கும் சாக் கட்டிக்காக இடுப்பில் தொங்கும் ஹோல்டர், எல்லாம் கியூவின் தலையில் பழி போடும். டேபிளும் போடும். டேபிள் ஓரத்து ரப்பர் குஷனைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் பந்து குஷனில் படும்போது அதிரும். அது அடித்த கணத்தில் வராது, சற்றுத் தள்ளி வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதே கியூவை வேறு டேபிளிலும், வேறொருவர் கியூவை அதே டேபிளிலும் அடித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சரி, கியூதான் என்று ஆகிவிட்டால் ஷாஃப்டைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியாகத் தட்டுங்கள். எங்கே பிடிக்கிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. 29 அங்குல பட்டை நடுவில் பிடித்தால் அதிர்வு செத்துவிடும். முனையிலிருந்து ஆறு, ஏழு அங்குலத்தில் இரண்டு விரலால் லேசாகக் கிள்ளித் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டினால் மரம் நன்றாகப் பாடும். ஒரு கம்பி அதிரும்போது அசையாமல் நிற்கும் புள்ளி அந்த இடத்துக்கு அருகில் இருக்கிறது, அங்கே பிடித்தால் நாம் குறுக்கே நிற்பதில்லை. அப்புறம் பட்டை நேராக நிறுத்தி, ஓர் அங்குல உயரத்திலிருந்து பம்பர் தரையில் படும்படி மெதுவாக விடுங்கள். ஷாஃப்டை அப்படித் தரையில் போடாதீர்கள், டிப்பும் மரையும் பாவம்.

பட்டில் முதலில் பம்பர். பெரும்பாலும் நடுவில் ஒரு ஸ்க்ரூ அதைப் பிடித்திருக்கும், சிலவற்றில் வெறுமனே அமுக்கி வைத்திருப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள். சுற்றினால் அதுதான், ஒரு சின்ன வாஷர் போட்டு இறுக்கினால் முடிந்தது. பம்பரை எடுத்துவிட்டே தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

அதற்கு மேலே எடை போல்ட். தொழிற்சாலையில் செய்யும் நிறைய கியூக்களில் இது அரை அங்குலத் தடிமன், அங்குலத்துக்கு 13 மரை. ஆலன் சாவியோ பட்டை ஸ்க்ரூடிரைவரோ விட்டால் கழன்றுவரும். இரண்டு போல்ட்டை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டிருப்பதும் உண்டு, அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று முட்டிச் சத்தம் போடும். முழுக்க வெளியே எடுத்துவிட்டுத் தட்டுங்கள். நின்றால் கண்டுபிடித்துவிட்டோம். பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கினால் போதும். மரை தளராமல் பிடிக்கும் த்ரெட் லாக்கர் பசையில் நீல நிறம் ஒரு துளி விட்டாலும் சரி. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற ஒருநாள் சூடு காட்ட வேண்டி வரும், சூடு பட்டால் உள்ளே இருக்கும் பசையும் மேலே இருக்கும் பாலிஷும் போய்விடும். ஓட்டையைக் குப்புறக் கவிழ்த்து உதறவும் மறக்க வேண்டாம். மரத்தூள், பசைத் துணுக்கு ஏதாவது உள்ளே உருண்டுகொண்டிருக்கலாம். கியூவை ஆட்டினாலே கடகட என்று கேட்பது பெரும்பாலும் இந்த வகை. ஆட்டினால் கேட்காமல் அடித்தால் மட்டும் ஜிர்ர் என்பது வேறு வகை, அங்கே ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டிய இரண்டு முகங்கள் எங்கேயோ விலகியிருக்கின்றன.

ஏ-ஜாயிண்ட் விட்டிருந்தால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். முன்பாகத்தை ஒரு கையிலும் கைப்பிடியை இன்னொரு கையிலும் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி, ஆனால் மென்மையாக, எதிரெதிராகத் திருகுங்கள். கிறுக் என்ற சத்தமோ, அந்த வளையத்தின் மேல் பாலிஷில் மெல்லிய கோடோ தெரிந்தால் வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். கியூ வேலை தெரிந்த லேத்காரரிடம் போங்கள். சுற்றியிருக்கும் நூலைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

வளையம், ஃபெருல் இவற்றின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் இருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டேன். இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேட, சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்துவிட்டு மேலே வெள்ளைப் பொடி தூவுவோம். வெடிப்புக்குள் தங்கிய சாயம் கசிந்து கோடாகத் தெரியும். கியூவில் சாயம் எதற்கு, நீல சாக் இருக்கிறதே. விரலில் சாக் தூளைத் தொட்டு ஃபெருலும் மரமும் சேரும் இடத்தில் சுற்றிலும் தேய்த்து, காய்ந்த துணியால் துடையுங்கள். ஒட்டியிருந்தால் சுத்தமாகப் போய்விடும். விலகியிருந்தால் விலகிய அளவுக்கு மட்டும் ஒரு நீலக் கோடு அங்கேயே நிற்கும். கார்பன் ஷாஃப்ட் வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அதன் இயல்பான சத்தமே கொஞ்சம் வெறுங்குழாயைத் தட்டின மாதிரிதான் இருக்கும், அது கோளாறு இல்லை. உள்ளே ஏதோ நகர்கிற மாதிரிக் கேட்டால் மட்டும் பார்க்க வேண்டும்.

டிப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்க்காரன் கடந்துபோக முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரையும் அதன் சுற்றுவட்டாரமும் தோலால் வாழ்கின்றன. நான் வேலை செய்யும் இடத்திலும் தோல் வாசனைதான். கியூவின் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன வட்டமும் தோல்தான். அடுக்கடுக்காக ஒட்டிய விலை கூடிய டிப்புகள் பெரும்பாலும் பன்றித்தோல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மிங்கோ என்ற படைவீரர் தோல் டிப்பைப் பரவலாக்கினார் என்பார்கள். அதற்கப்புறம்தான் பந்தின் ஓரத்தில் அடித்துச் சுழற்ற முடிந்தது. தோலுக்கு ஒரு குணம் உண்டு, ஈரத்தில் ஊறும், காய்ந்தால் சுருங்கும், ஓரம் முதலில் தூக்கும். டிப்பின் ஓரம் கொஞ்சம் எழும்பியிருந்தால் 'டக்' என்பது 'சப்' என்று மாறும், சில சமயம் சின்னதாக ஒரு கிளிக்கும் சேரும். கட்டைவிரல் நகத்தால் டிப்பைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். நகம் ஓர் இடத்தில் உள்ளே இறங்கினால் அந்த டிப்பைப் பிடுங்கிவிட்டு, அடியைச் சமமாகத் தேய்த்து, புதிதாக ஒட்டுங்கள். ஓரத்தில் பசை ஊற்றிச் சமாளிப்பது ஒரு வாரம் தாங்காது.

இப்போது என் கியூவுக்கு வருகிறேன்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போன ஒரு மாணவனிடம் வாங்கியது அது. சத்தம் வந்ததும் பம்பரைப் பார்த்தேன், இறுக்கம். போல்ட்டுக்கு டேப் சுற்றினேன், மாற்றமில்லை. வெளியூரில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர்கள் கியூவைத் தட்டிப் பார்க்கவே இல்லை. ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஃபெருல் லூஸ் என்றார்கள், மாற்றினார்கள், டிப்பும் புதிது போட்டார்கள், பில் 1,500 ரூபாய். வீட்டுக்கு வந்து அடித்தால் பொன்வண்டு அப்படியே இருக்கிறது. எனக்குக் கோபம் வந்ததைவிட வருத்தம்தான் அதிகம். பழைய ஃபெருலும் பழைய டிப்பும் எனக்குக் கை பழகியவை, அவற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று இப்போது நிச்சயமாகத் தெரியும்.

அப்புறம்தான் காட்பாடித் தம்பியை உட்காரவைத்து, அவன் தட்ட நான் பிடிக்க, நுனியிலிருந்து அடிவரை வந்தோம். ஷாஃப்டும் பட்டும் சேரும் ஜாயிண்டில் கை வைத்து இறுக்கியதும் சத்தம் நின்றது. கையை எடுத்தேன், வந்தது. மறுபடி வைத்தேன், நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அவசரப்பட்டேன். ஜாயிண்டில் பட் பக்கத்துக் காலருக்குக் கீழே ஒரு வெள்ளி நிற வளையம் இருக்கிறது, அதுதான் விட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, அதன் ஓரத்தில் சூப்பர் க்ளூ விட்டுவிட்டேன். சாக் தேய்த்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் வளையத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. சத்தமும் இருந்தது.

அதன் பிறகு மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. தம்பியின் கியூவுக்கும் என் கியூவுக்கும் ஒரே மரை, 5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18. என் பட்டில் அவன் ஷாஃப்டைப் போட்டு அடித்தேன், சத்தமில்லை. அப்படியானால் கோளாறு என் ஷாஃப்டில் என்று நினைத்தேன். என் ஷாஃப்டை அவன் பட்டில் போட்டு அடித்தேன், அதிலும் சத்தமில்லை! இரண்டும் தனித்தனியாக நல்லவை, சேர்ந்தால் மட்டும் சண்டை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிகாலையில் எழுந்து, கியூவைப் பொருத்தி, கை வலிக்க இறுக்கி, ஜாயிண்டுக்குப் பின்னால் மொபைல் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். ஷாஃப்டின் முகத்துக்கும் பட்டின் முகத்துக்கும் நடுவே ஒரு பக்கம் நூல் போல வெளிச்சம். பீடிக்குச் சுற்றும் இலை நுழையாது, ஆனால் பஸ் டிக்கெட்டின் மெல்லிய காகிதம் ஓரத்தில் நுழைந்தது. கைக்கு இறுக்கமாக இருக்கிறது, ஆனால் முகங்கள் ஒட்டவில்லை. அப்படியானால் இறுக்கம் வேறு எங்கோ இருந்து வருகிறது. பின்னின் நுனி ஷாஃப்டுக்குள் எதன் மேலோ போய் முட்டுகிறது.

பல்குச்சியை ஷாஃப்டின் மரைக்குள் விட்டுக் குடைந்தேன். அடியில் கெட்டியாக ஏதோ தட்டியது. நுனியில் ஸ்பிரிட் தொட்டு, திரும்பத் திரும்பக் குடைந்ததில் நீலமும் சாம்பலும் கலந்து, மெழுகு மாதிரி ஒரு கட்டி துண்டு துண்டாக வந்தது. எல்லாம் சேர்த்து உருட்டினால் துவரம்பருப்பு அளவு. முந்தைய மழைக்காலத்தில் பின் சுற்றும்போது இறுகுகிறது என்று, யாரோ சொல்லிக் கேட்டு, மெழுகுவத்தியைப் பின்னில் தேய்த்து வந்தேன். அந்த மெழுகு ஒவ்வொரு தடவையும் விரலில் இருந்த சாக் தூளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், பின்னின் நுனியால் இடித்து இடித்து, அடியில் கல் மாதிரி ஆகியிருக்கிறது. தம்பியின் பின் என்னுடையதைவிடக் கொஞ்சம் குட்டை, அதனால் அது கட்டியைத் தொடவில்லை. அவன் ஷாஃப்டின் குழியில் கட்டி இல்லை, அதனால் என் பின் அங்கே முட்டவில்லை. எதுவும் லூஸே இல்லை. எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன, தப்பான இடத்தில் இறுக்கமாக.

சுத்தம் செய்து, மரையைக் காய்ந்த துணித்திரியால் துடைத்து, மறுபடி பொருத்தினேன். முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. டார்ச் வைத்தேன், வெளிச்சமில்லை. பார்லர் திறக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் படுக்கையறையில் தலையணையைச் சுவரில் சாய்த்து அதில் குத்திப் பார்த்தேன், அதில் என்ன தெரியும். பத்தரை மணிக்குக் கதவு திறந்ததும் முதல் டேபிளில் ஒரு பந்தை மட்டும் வைத்து மெதுவாகத் தள்ளினேன். 'டக்'. அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. இன்னும் இருபது தடவை தள்ளினேன்.

மாற்றிப் பார்க்கும் சோதனையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். முதல் மாற்றத்திலேயே நிறுத்தியிருந்தால் ஷாஃப்ட்தான் கெட்டது என்று புது ஷாஃப்ட் வாங்கியிருப்பேன், சத்தமும் போயிருக்கும், நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன் என்று கடைசிவரை நம்பியிருப்பேன்.

பசை விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எது விட்டிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும்வரை ஒரு துளியும் விடக் கூடாது, ஏனென்றால் பசை போட்டபின் அந்த இடத்தை மறுபடி சோதிக்க முடியாது. சூப்பர் க்ளூ மெல்லிய விரிசலுக்குள் ஓடும், அதில் குறையில்லை. ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி, இடி தாங்காது. அடி வாங்கும் இடங்களுக்கு இரண்டு குழாய் கலந்து போடும் எபாக்ஸிதான் சரி. அந்த எபாக்ஸிக்கும் ஒரு பலவீனம், அறை வெப்பத்தில் காய்ந்த சாதாரண எபாக்ஸி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். நம் ஊரில் மே மாதம் நிழலிலேயே 40 தாண்டும். அந்த வெயிலில் பூட்டிய காருக்குள் கியூவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மரமும் சும்மா இருக்காது. மேப்பிள் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை பக்கவாட்டில் 10 சதவீதம்வரை சுருங்கும், நீளவாக்கில் 0.2 சதவீதம்கூடச் சுருங்குவது அபூர்வம். கியூ ஏற்கெனவே காய்ந்த மரம்தான், ஆனாலும் மழைக்காலத்துக்கும் கத்திரிக்கும் நடுவே அகலத்தில் கொஞ்சம் மூச்சு விடும். அதைச் சுற்றியிருக்கும் பித்தளையும் பிளாஸ்டிக்கும் அதே அளவு மூச்சு விடாது. நம் பக்கத்தில் வளையமும் ஃபெருலும் வெயில் காலத்தில் பேசத் தொடங்குவது இதனால்தான். அப்படிப் பேசுவதில் சில, ஆடி மாசக் காற்றில் ஈரம் வந்ததும் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்.

என் கியூவில் வளையத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தது இன்னும் அப்படியே இருக்கிறது. லேத்தில் ஏற்றிச் சுரண்டி பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார், எனக்கு இப்போதைக்கு அதைத் தொட மனமில்லை. மெழுகை நிறுத்திவிட்டேன். கியூ பையின் பக்கவாட்டு அறையில் நாலு பல்குச்சியும் கொஞ்சம் பஞ்சும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை மரையின் அடிவரை விட்டுச் சுற்றி எடுக்கிறேன். போன வாரம் எடுத்தபோது குச்சியின் நுனி லேசாக நீலமாகியிருந்தது, கட்டி எதுவும் இல்லை.